மத்தியானத்துக் காகமும் ஜாம் போத்தில் விளக்கடி வேட்டியும்

(எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில ஒரு பின்னேரம் கதைச்சது. கிளிநொச்சியில இருந்து உள்ளுக்க வாற ஊர். வாயில வந்தபடியேதான் எழுதியிருக்கிறன், திருத்தப் போனா வேற ஆரோ கதைச்ச மாதிரிப் போயிடும்.)

எல்லாருக்கும் வணக்கம். அம்மாக்கள் ஏன் வாசல்ல நிக்கிறியள், முன்னுக்குக் கதிரை கிடக்கு, வந்து இருங்கோ.

நாப்பது தாண்டின ஆக்களுக்கு ஜாம் போத்தில் விளக்கு ஞாபகம் இருக்கும். கரண்ட் இல்ல, மண்ணெண்ணெய் யானை விலை, போத்திலுக்குள்ள கொஞ்சூண்டு எண்ணெயும் பஞ்சும் ஒரு திரியும், அதில படிச்சுத்தான் நான் ஓ.எல். எடுத்தனான். அந்த விளக்கடியில அப்பு கட்டியிருந்த வேட்டி என்ன நிறம்? வெள்ளை. சரி, மத்தியானம் 12 மணிக்கு இரணைமடுக் குளக்கட்டில இருக்கிற காகம்? கறுப்பு. இப்ப வெளிச்சம் அளக்கிற மீற்றர் ஒண்டைக் கொண்டுபோய் ரெண்டில இருந்தும் கண்ணுக்கு வாற வெளிச்சத்தை அளந்தியள் எண்டா, காகத்தில இருந்து வாறதுதான் கூட. நூற்றுக்கணக்கான மடங்கு கூட. அப்ப கூட வெளிச்சம் வாறது கறுப்பாயும் குறைய வாறது வெள்ளையாயும் தெரியுதெண்டா, கண் எதைத்தான் அளக்குது?

கண்ணுக்குப் பின் சுவரில விழித்திரை இருக்கு, கடுதாசியை விட மெல்லிசில்ல, ஆனா பெரிசாத் தடிப்புமில்ல. அதில வெளிச்சம் பிடிக்கிற கலங்கள் ரெண்டு சாதி, கோலும் கூம்பும். (கலம் எண்டு நாங்கள் பள்ளிக்கூடத்தில படிச்சது, இந்தியாப் புத்தகத்தில செல் எண்டு இருக்கும், பிள்ளையள் குழம்பாதேங்கோ.) இருட்டில இந்தக் கலம் சும்மா கிடக்கும், வெளிச்சம் பட்டா எழும்பி வேலை செய்யும் எண்டுதானே நினைப்பம்? மறுவளம். இருட்டிலதான் அதுக்கு மும்முரமான வேலை. கலத்தின்ர சவ்வில சோடியம் உள்ள வாற வாசல்கள் திறந்தபடி கிடக்கும், உள்ளுக்கு மின்னழுத்தம் கழித்தல் 40 மில்லிவோல்ற் அளவில நிக்கும், குளுட்டமேற்று எண்ட இரசாயனம் அடுத்த கலத்துக்கு விடாம ஒழுகிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் பட்டா வாசல் பூட்டுப்படும், மின்னழுத்தம் கழித்தல் 65, 70 மட்டில இறங்கும், ஒழுகிறது குறையும். குளத்துத் துருசை யோசியுங்கோ. திறந்து கிடந்தா இருட்டு, பூட்டினா வெளிச்சம். வாய்க்காலில தண்ணி குறையுதெண்டா அங்க விடிஞ்சிட்டுது எண்டு அர்த்தம்.

அடுத்த வரிசையில இருமுனைவுக் கலங்கள். அதில ஒரு பகுதி தண்ணி குறைஞ்சா தானும் அடங்கிப் போகும், மற்றப் பகுதி தண்ணி குறைஞ்சாத்தான் எழும்பும். ஒரே தண்ணிதான், ரெண்டு பேரும் ரெண்டு விதமா எடுக்கினம், வெளிச்சம் கூடினதைச் சொல்ல ஒருத்தர், குறைஞ்சதைச் சொல்ல ஒருத்தர். எனக்கு இந்த இடம் எப்பவும் அதிசயம்தான், ரெண்டு பேரும் ஒரே கலத்திட்டத்தான் கேக்கினம் பாருங்கோ.

அதுக்கு அங்கால கங்லியன் கலம். மூளைக்குப் போற வயர் இவையின்ரதான். கோல் மட்டும் 9 கோடிக்கு மேல, கூம்பு ஒரு 50, 60 லட்சம், வயர் 10 லட்சம் அளவிலதான். அப்ப எல்லாத்தையும் அப்பிடியே அனுப்ப ஏலாது, பொறுக்கித்தான் அனுப்போணும். 1938 இல ஹார்ட்லைன் எண்டவர் தவளையின்ர பார்வை நரம்பில ஒவ்வொரு இழையாப் பிரிச்செடுத்துக் கேட்டார். வெளிச்சம் போட்டா வெடிக்கிற இழை, அணைச்சா வெடிக்கிற இழை, ரெண்டுக்கும் வெடிக்கிற இழை எண்டு மூண்டு கண்டார், 1967 இல நோபல் பரிசில பங்கும் கிடைச்சுது. வெடி எண்டுறன், யானை வெடி இல்ல, பயப்பிடாதேங்கோ, புத்தகத்தில கணத்தாக்கம் எண்டு இருக்கிற சின்னன் மின் துடிப்பு.

பாலூட்டியில இதை வடிவாப் பாத்தது ஸ்டீபன் கஃப்லர், அமெரிக்காவில, பூனையில, 1953. பூனையின்ர விழித்திரையில ஒரு சின்ன வெளிச்சப் பொட்டை அங்க இஞ்ச நகர்த்தி நகர்த்தி ஒரு கங்லியன் கலம் என்ன சொல்லுதெண்டு பாத்தவர். ஒவ்வொரு கலத்துக்கும் சொந்தமா ஒரு வயல் துண்டு இருக்கு, இங்கிலீசிலயும் வயல் எண்ட சொல்லுத்தான் வைச்சிருக்கினம். பொட்டு வயலுக்கு நடுவில விழுந்தா படபடவெண்டு வெடிக்கும். அதே பொட்டை வரம்புப் பக்கம் தள்ளினா வாயை மூடிடும், வெளிச்சத்தை அணைச்ச உடன திரும்பத் தொடங்கும். வேற கலங்கள் நேரெதிர், நடுவுக்கு அடங்கி வரம்புக்கு வெடிக்கும். முழு வயலுக்கும் சேத்து வெளிச்சம் அடிச்சா? பெரிசா ஒண்டுமில்ல, நடுவும் வரம்பும் இழுபறிப்பட்டு ஒரு முணுமுணுப்பு மட்டும்தான்.

காகத்துக்கு இப்ப வாங்கோ. எவ்வளவு வெளிச்சம் எண்டு இந்தக் கலத்தைக் கேட்டா அது சொல்லாது, பக்கத்தில இருக்கிறதை விடக் கூடவோ குறையவோ எண்டு கேட்டாத்தான் சொல்லும். காகத்தைச் சுத்தி வானமும் தண்ணியும் பளபளக்குது, அதோட பாக்கேக்க காகம் குறைய. வேட்டியைச் சுத்தி இருட்டு, வேட்டி கூட. மூளைக்கும் இதில பங்கு இருக்கு, ஆனா கதை தொடங்கிறது கண்ணுக்குள்ளதான். கஃப்லருக்கு நோபல் வரேல்ல. 1980 இல செத்துப் போனார், அடுத்த வருசம் அவரின்ர ஆய்வுகூடத்தில சேந்து வேலை செய்த ஹியூபெலுக்கும் வீசலுக்கும் கிடைச்சுது. எனக்கு அதில இண்டைக்கும் ஒரு மனவருத்தம்தான்.

இதில கதையை நிப்பாட்டேக்க முன்னுக்கிருந்த ஐயா ஒராள் எழும்பினார். வயல் காவலுக்குப் போறவராம். "தம்பி, இருட்டில யானையை நேர பாத்தா மறைஞ்சிடும், கொஞ்சம் பக்கத்தில பாத்தாத்தான் நிக்கிறது தெரியும், அது ஏன்?" எண்டார். நான் படிச்சுத் தெரிஞ்சதை அந்த மனுசன் கொட்டிலில இருந்தே கண்டுபிடிச்சிருக்கிறார்! நேர பாக்கிற இடத்தில, விழித்திரையின்ர நட்டநடுவில, கூம்பு மட்டும்தான் இருக்கு, கோல் இல்ல. கூம்புக்கு இருட்டில பார்வை வராது. கோல் இருக்கிறது சுத்திவர, அதுவும் அங்க கனக்கக் கோல் சேந்து ஒரு வயருக்குக் குடுக்கிறபடியா மங்கல் வெளிச்சமும் சேந்து எடுபடும், ஆனா உருவம் கலங்கித்தான் தெரியும். தும்பிக்கையா வாலா எண்டு கேக்கக் கூடாது. மற்றது ஐயா, கோல் முழுசா இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் பிடிக்கும், இடையில ஒரு பொடியன் ஃபோன் ரோச்சை மூஞ்சையில அடிச்சானெண்டா பழகினது கெட்டுப்போகும், திரும்பக் காத்திருக்கோணும். கோலுக்குள்ள இருக்கிற நிறப்பொருள் விற்றமின் ஏ இல்லாம உண்டாகாது, முருங்கையிலையைத் தட்டில ஒதுக்கி வைக்கிற பிள்ளையளும் கேட்டுக்கொள்ளுங்கோ.

கடைசியா ஒரு அக்கா கேட்டா. அவவின்ர மாமாவுக்குச் சின்ன வயசில மாலைக்கண்ணாத் தொடங்கி, பிறகு குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரிச் சுருங்கி, இப்ப ஒண்டும் தெரியாதாம், ஆனா விடியிற நேரம் சரியா எழும்புவாராம். "கோழி கூவிறதாலயோ சேர்?"

கோழியாயும் இருக்கலாம். ஆனா நான் இவ்வளவு நேரமும் ஒண்டை மறைச்சுப் போட்டன். 2002 இல எலியில கண்டுபிடிச்சவை, கங்லியன் கலங்களில கொஞ்சப் பேர் மெலனொப்சின் எண்ட நிறப்பொருளைத் தாங்களே வைச்சிருக்கினம், கோலும் கூம்பும் இல்லாமலே வெளிச்சத்தைப் பிடிக்கினம், மனிசரிலயும் இருக்கினம். இவை படம் பாக்கிறேல்ல, வித்தியாசமும் பாக்கிறேல்ல, மொத்தமா எவ்வளவு வெளிச்சம் எண்டு ஆறுதலா அளந்து உடம்பின்ர மணிக்கூட்டுக்குச் சொல்லுவினம். கோலும் கூம்பும் மட்டும் செத்த கண்ணில இவை உயிரோட இருக்கலாம். ஷெல்லில கண்ணே போனவைக்கு, நரம்பு அறுந்தவைக்கு அது இல்ல, அதையும் சொல்லத்தான் வேணும். உங்கட மாமாவை ஒருக்காக் கண் டொக்டரிட்டக் காட்டுங்கோ, அதுவரைக்கும் விடிய முத்தத்தில கதிரையைப் போட்டு இருத்துங்கோ, கறுப்புக் கண்ணாடியை மட்டும் கழட்டிவிடுங்கோ.