பிசாசு கட்டாத பாலம்

பெரியோர்களே, நண்பர்களே!

தெற்குப் பிரான்சில் எரோ என்றோர் ஆறு. செவென் மலைகளில் பிறந்து, சுண்ணாம்புப் பாறைகளை அறுத்துக்கொண்டு இறங்கி, அனியான் என்ற சிற்றூருக்கு அருகே சமவெளிக்கு வருகிறது. அந்த மலைவாயிலில் ஒரு கற்பாலம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. பெயர், பிசாசுப் பாலம்.

பகலில் கட்டியதை இரவில் பிசாசு இடித்ததாம். கில்லெம் என்ற துறவி அதனோடு பேரம் பேசினாராம்: பாலத்தை நீயே கட்டு, முதலில் கடக்கும் உயிர் உனக்கு. கட்டி முடிந்ததும் ஒரு நாயை விரட்டிவிட்டார்கள். பூனை என்று சொல்வாரும் உண்டு. ஏமாந்த பிசாசு ஆற்றில் குதித்ததாம். அது மறுபடி எழாமலிருக்க, யாத்திரிகர்கள் மடுவில் கல் எறிந்துவிட்டுப் போவார்களாம்.

கேட்க இனிமையான கதைதான். ஆனால் கில்லெம் சார்லமேன் பேரரசரின் உறவினர். 804இல் ஜெலோன் என்ற கிறித்தவத் துறவிமடத்தை நிறுவியவர். பாலமோ அவர் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 11ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்தது. கட்டியவர்களுக்குச் சேரவேண்டிய புகழ் பிசாசுக்குப் போய்விட்டதே என்பதுதான் என் ஆதங்கம்.

யார் கட்டினார்கள்? ஆற்றின் மேல்பக்கம் ஜெலோன் மடம், கீழ்ப்பக்கம் அனியான் மடம். இரண்டும் பங்காளிகள், பங்காளிச் சண்டையும் இருந்தது. ஜெலோன் எங்களுக்குக் கட்டுப்பட்டது என்றது அனியான். இல்லை என்றது ஜெலோன். தம் பக்கத்தை நிலைநாட்டப் பழைய சாசனங்களைத் திருத்தி எழுதவும் இரு தரப்பும் தயங்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, பாலத்தை ஆளுக்குப் பாதியாகக் கட்டுவதென்று ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். அதிலுள்ள இரண்டு நிபந்தனைகளைப் படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. பாலத்தின்மேல் யாரும் கோயிலோ கோட்டையோ எழுப்பக்கூடாது. கடப்பவரிடம் சுங்கம் வாங்கக்கூடாது.

எண்ணிப் பாருங்கள். பாலத்தில் கோட்டை வைத்திருப்பவன் கையில்தான் வழி இருந்த காலம் அது. சுங்கம் நல்ல வருமானம். இரண்டையும் எழுத்திலேயே விலக்கிவைத்தார்கள்!

வேலையிலும் குறையில்லை. அரைவட்டமான இரண்டு பெரிய வளைவுகள். அவற்றுக்கு நடுவே, தூணுக்கு மேலே ஒரு திறப்பு. இலையுதிர் காலத்தில் செவென் மலைகளில் பேய்மழை கொட்டினால் எரோ சில மணி நேரத்தில் பொங்கிவிடும். ஏறிய வெள்ளம் சுவரில் மோதி அழுத்தாமல் அந்தத் திறப்பு வழியாகப் பாய்ந்துவிடும். பிற்காலத்தில் பாலத்தை அகலப்படுத்தினார்கள்.

ஸ்பெயினிலுள்ள கிறித்தவப் புனிதத் தலமான சந்தியாகு தெ கொம்போஸ்தெலாவுக்கு நடந்த யாத்திரிகர்கள் இதைக் கடந்துதான் ஜெலோனுக்குப் போனார்கள். அந்தப் பாதையின் ஓர் அங்கமாக 1998இல் யுனெஸ்கோ இதை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு ஜெலோன் மடம் விற்கப்பட்டுச் சிதைந்தது. அதன் முற்றத்துத் தூண்களில் பல இன்று நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பாலம் மட்டும் இடம் பெயரவில்லை. வண்டிகள் போகப் பக்கத்திலேயே வேறு பாலம் வந்துவிட்டது. பழையதில் நடந்து போகலாம்.