லைவ் ஐஎஸ்ஓ பூட் ஆகலையா? எந்தக் கட்டத்துல நின்னுச்சுன்னு முதல்ல பாருங்க

வணக்கம் நண்பர்களே. டெபியன் லினக்ஸோட லைவ்-பில்ட் டூல் வெச்சு, பென்டிரைவ்ல இருந்தே ஓடுற லைவ் ஐஎஸ்ஓவை (முழு சிஸ்டமும் அடங்கின ஒரே ஃபைல்) சொந்தமா கட்டுறவங்க நிறைய பேரு ஒரே விஷயத்தைத்தான் கேக்குறீங்க. பில்ட் எர்ரர் இல்லாம முடிஞ்சிருது, பென்டிரைவ்ல எழுதியாச்சு, ஆனா பூட் ஆக மாட்டேங்குது. உடனே கான்ஃபிக்ல எதையாவது மாத்திட்டு மறுபடி பில்ட் போட்டுடுறீங்க. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. நேரமும் போகும், டேட்டாவும் போகும், காரணம் மட்டும் கைக்கு வராது.

இதுல வேலை கைமாறிக்கிட்டே போகும். ஃபர்ம்வேர் (பழைய மெஷின்ல பயாஸ், புதுசுல யூஇஎஃப்ஐ) பூட்லோடரைக் கூப்பிடுது. பூட்லோடர், அதாவது கிரப் இல்லன்னா ஐசோலினக்ஸ், கெர்னலையும் இனிட்ஆர்டியையும் (ஆரம்பத்துக்குத் தேவையான ஸ்கிரிப்டும் டிரைவரும் இருக்கிற சின்ன ஃபைல்சிஸ்டம்) மெமரிக்குக் கொண்டு வருது. கெர்னல் இனிட்ஆர்டியை விரிச்சு உள்ள இருக்கிற ஸ்கிரிப்டை ஓட்டுது. அந்த ஸ்கிரிப்ட்தான் பென்டிரைவைத் தேடிப் பிடிச்சு, முழு சிஸ்டத்தையும் சுருக்கி வெச்ச ஸ்குவாஷ்எஃப்எஸ் ஃபைலை மவுன்ட் பண்ணி, அதுக்கு மேல, எழுதுறதுக்கான ஓவர்லேயைப் போடுது. இதுல எங்க அறுந்துச்சுன்னு ஸ்கிரீன்ல வர்ற கடைசி வரி சொல்லிடும். அதைப் படிக்க விடாம மறைக்கிறது 'கொயட் ஸ்பிளாஷ்'. கிரப் மெனு வந்ததும் 'இ' அழுத்துங்க, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியில அந்த ரெண்டு வார்த்தையையும் எடுத்துட்டு கன்ட்ரோல் எக்ஸ் குடுங்க. ஐசோலினக்ஸ் மெனுன்னா டேப் அழுத்தினா வரியைத் திருத்தலாம்.

கெர்னல் பேனிக் வந்து, 'அன்நோன் பிளாக்'னு போட்டு அடைப்புல 0 கமா 0 இருந்தா, கெர்னல் வந்துருச்சு, இனிட்ஆர்டி வந்து சேரலை. கிரப் கான்ஃபிக்ல அந்த ஃபைலோட பாதையைப் பாருங்க, பெரும்பாலும் பேர்லதான் தப்பு இருக்கும். 'நோ ரூட் டிவைஸ் ஸ்பெசிஃபைட்'னு வந்தா கெர்னல் வரியில 'பூட் ஈக்வல் டு லைவ்' இல்லைன்னு அர்த்தம். அது இருந்தும், ஸ்கிரிப்ட்ஸ் ஸ்லாஷ் லைவைத் திறக்க முடியலைன்னு வந்தா, குரூட்டுக்குள்ள (ஐஎஸ்ஓவுக்காகத் தயார் பண்ற சிஸ்டம் ஃபோல்டர்) லைவ்-பூட் பேக்கேஜ் போடாமலே இனிட்ஆர்டி உருவாகியிருக்கு. இதெல்லாம் சீக்கிரம் சரியாயிடும்.

நிறைய பேரை உக்கார வெக்கிறது அடுத்ததுதான். இதோ ஸ்கிரீன்ல பாருங்க: 'அன்ஏபிள் டு ஃபைண்ட் எ மீடியம் கன்டெய்னிங் எ லைவ் ஃபைல் சிஸ்டம்'. அதுக்குக் கீழ அடைப்புல இனிட்ராம்எஃப்எஸ்னு போட்ட பிராம்ப்ட். பென்டிரைவ் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அதை மாத்திராதீங்க. அந்த பிராம்ப்ட் ஒரு சின்ன ஷெல், நம்ம கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லும். முதல்ல யுநேம் மைனஸ் ஆர். எனக்கு இங்க 6.1.0-20 வருது. அடுத்து எல்எஸ் ஸ்லாஷ் லிப் ஸ்லாஷ் மாட்யூல்ஸ். 6.1.0-18 வருது. பாத்தீங்களா? ஓடுற கெர்னல் 20, இனிட்ஆர்டிக்குள்ள இருக்கிற மாட்யூல் (கெர்னல் தேவைப்படறப்போ ஏத்திக்கிற டிரைவர் துண்டு) 18. டெபியன் கெர்னல்ல யூஎஸ்பி ஸ்டோரேஜ், லூப், ஸ்குவாஷ்எஃப்எஸ், ஓவர்லே எல்லாமே தனித்தனி மாட்யூல். நம்பர் ஒத்துப்போகலைன்னா ஒண்ணுகூட ஏறாது. பென்டிரைவ் செருகித்தான் இருக்கு, கெர்னலுக்கு அது கண்ணுல படலை, அவ்வளவுதான். யூஎஸ்பி கீபோர்டு இந்த இடத்துல வேலை செய்யாமப் போறதுக்கும் இதே காரணம். லேப்டாப்போட சொந்தக் கீபோர்டு பெரும்பாலும் வேலை செய்யும், அதுல பாருங்க.

இது எப்படி நடக்குதுன்னா, பழைய ஐஎஸ்ஓவைப் பிரிச்சு, குரூட்டுக்குள்ள போய் ஆப்ட் அப்கிரேட் போடுறோம், புது கெர்னல் உள்ள வந்துருது. திரும்பப் பேக் பண்றப்போ கெர்னல் ஃபைலான விஎம்லினஸை மட்டும் லைவ் ஃபோல்டருக்குக் காப்பி பண்ணிட்டு, இனிட்ஆர்டியைப் பழசாவே விட்டுடுறோம். ரெண்டையுமே பழசா விட்டு, குரூட்டுக்குள்ள பழைய கெர்னல் பேக்கேஜை நீக்கியிருந்தா இன்னும் குழப்பம். அப்போ டெஸ்க்டாப் வரைக்கும் வந்து நிக்கும், ஆனா வைஃபை வராது, சவுண்டு வராது, எஃப்ஏடி பார்ட்டிஷனை மவுன்ட் பண்ணினா அப்படி ஒரு ஃபைல்சிஸ்டமே தெரியாதுங்கும். ஏன்னா ஸ்குவாஷ்எஃப்எஸ்குள்ள புது மாட்யூல், ஓடுறது பழைய கெர்னல். டிரைவர் பிரச்சினைன்னு ஃபர்ம்வேர் பேக்கேஜா இறக்கிக்கிட்டு இருப்போம்.

அதனால நான் எந்த ஐஎஸ்ஓவையும் எழுதுறதுக்கு முன்னாடி மூணு இடத்தைப் பாத்துடுவேன். ஃபைல் கமாண்டை விஎம்லினஸ் மேல ஓட்டினா வெர்ஷன் வரும். எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டினா இனிட்ஆர்டிக்குள்ள இருக்கிற மாட்யூல் ஃபோல்டர் தெரியும். அன்ஸ்குவாஷ்எஃப்எஸ் மைனஸ் எல் போட்டா ஸ்குவாஷ்எஃப்எஸ்குள்ள இருக்கிறது தெரியும். மூணு நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். இன்னொண்ணு: குரூட்டுக்குள்ள யுநேம் அடிச்சா வர்றது உங்க ஹோஸ்ட் மெஷினோட கெர்னல். அதனால எம்கேஇனிட்ராம்எஃப்எஸ்ஸை வெர்ஷன் சொல்லாம ஓட்டாதீங்க, அது ஹோஸ்ட் கெர்னலைத்தான் எடுத்துக்கும்.

சரி, பூட்லோடருக்கு வருவோம். ஒரு மெஷின்ல பூட் ஆகுது, இன்னொண்ணுல பென்டிரைவே லிஸ்ட்ல வரலைன்னா, ஐஎஸ்ஓவோட அமைப்புலதான் கோளாறு. ஐஎஸ்ஓ 9660-ல முதல் 32 கேபி சும்மா விட்டு வெச்சிருப்பாங்க. பழைய பயாஸ் மெஷின் பென்டிரைவ்ல இருந்து பூட் ஆகுறதுக்கான எம்பிஆர் கோடு (டிஸ்க்கோட முதல் செக்டர்ல இருக்கிற பூட் கோடு) அங்கதான் உக்காரும். யூஇஎஃப்ஐக்கு அது போதாது, எஃப்ஏடி இமேஜுக்குள்ள இஎஃப்ஐ, பூட், பூட்எக்ஸ்64 டாட் இஎஃப்ஐன்னு அதே பாதையில பூட்லோடர் இருக்கணும். வெறும் ஜென்ஐஎஸ்ஓஇமேஜ் டூல்ல ஃபோல்டரைக் குடுத்துப் பேக் பண்ணினா இது ரெண்டும் காணாமப் போயிடும். மூல ஐஎஸ்ஓ எப்படிக் கட்டினதுன்னு ஸோரிஸோங்கிற ஐஎஸ்ஓ டூலே சொல்லும்: இன்டெவ்ல அந்த ஐஎஸ்ஓவைக் குடுத்து, ரிப்போர்ட் எல்-டோரிட்டோ ஆப்ஷனோட அஸ் எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ்னு கேளுங்க. எல்லா ஆப்ஷனையும் வரிசையா அச்சடிச்சுத் தரும், அப்படியே எடுத்துப் போட்டுக்கலாம். எனக்கு ரொம்பப் பிடிச்ச வசதி இது, ஏனோ யாரும் பெருசாப் பேசுறதில்லை.

'பேட் ஷிம் சிக்னேச்சர்'னு வந்து, கீழயே 'கெர்னலை முதல்ல லோட் பண்ணு'ன்னு வந்தா காரணம் செக்யூர் பூட், கையெழுத்து இல்லாத கெர்னலை ஓட விடாத பாதுகாப்பு வசதி. நீங்களே கம்பைல் பண்ணின கெர்னல்ல கையெழுத்து இல்லை, அதான் மறுக்குது. டெபியன் 2019-ல வந்த பஸ்டர்ல இருந்து செக்யூர் பூட்டை ஆதரிக்குது, ஆனா அது டெபியன் கையெழுத்துப் போட்ட கெர்னலுக்குத்தான். சொந்த கெர்னலே வேணும்னா சொந்தச் சாவியில கையெழுத்துப் போட்டு, மெஷின்ல மாக் (மெஷின் ஓனர் தானே சேக்கிற சாவிக்கான வசதி) மூலமா அந்தச் சாவியைச் சேக்கணும். ஊருக்குக் குடுக்கிற ஐஎஸ்ஓவுக்கு இது சரிப்படாது, டெபியன் கெர்னலையே வெச்சுக்கோங்க.

சோதிக்கிறதுக்கு ஒவ்வொரு தடவையும் பென்டிரைவ்ல எழுத வேண்டாம், கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு மெய்நிகர் மெஷினை ஓட்டுற கியூஎம்யூ போதும். ஆனா சும்மா ஓட்டினா அது பயாஸ் வழியை மட்டும்தான் சோதிக்கும். ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேர் போட்டு யூஇஎஃப்ஐயிலயும் ஒரு தடவை ஓட்டுங்க. சிடிராமாக் குடுக்காம யூஎஸ்பி ஸ்டோரேஜாவும் குடுத்துப் பாருங்க, அந்த மாட்யூல் ஏறுதான்னு அப்பதான் தெரியும். கெர்னல் வரியில கன்சோல் ஈக்வல் டு டிடிஒய்எஸ்0 சேத்து, சீரியல் அவுட்புட்டை ஒரு ஃபைல்ல பிடிச்சு வெச்சுக்கோங்க. கமென்ட்ல கேக்குறவங்க 'பூட் ஆகலை'ன்னு மட்டும் போடாம, அந்த ஃபைலோட கடைசி பத்து வரியையும் மூணு இடத்துல பாத்த வெர்ஷன் நம்பரையும் போடுங்க, உக்காந்து பாத்துப் பதில் போடுறேன்.