பீட் அலோன்சோ திரும்ப வந்துட்டாரு! ஆனா "பேராசை"ன்னு சொல்றவங்களுக்கு என் பதில்

வணக்கம் மக்களே! இது 2025 பிப்ரவரில பேசுறது. நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் டீமோட பவர் ஹிட்டர் பீட் அலோன்சோ மெட்ஸ்லயே இருக்காரு! இதை வாய்விட்டு சொல்லணும்னு நவம்பர்ல இருந்து காத்துக்கிட்டு இருந்தேன். 2025 பிப்ரவரி 5, புதன்கிழமை ராத்திரி செய்தி வந்துச்சு. ரெண்டு வருஷ கான்ட்ராக்ட், மொத்தம் 54 மில்லியன் டாலர். அதுல இந்த 2025 சீசனுக்கு மட்டும் 30 மில்லியன். சீசன் முடிஞ்சதும் வேணும்னா ரெண்டாவது வருஷத்தை விட்டுட்டு வெளிய போயிடலாம், அதுக்கு ஆப்ட்-அவுட் இருக்கு.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா செய்தி வந்ததுல இருந்து ஒரு பேச்சு காதுல விழுந்துக்கிட்டே இருக்கு. "பேராசைப்பட்டான், கடைசியில இதுதான் கெடைச்சுது"ங்கிறாங்க. 2023-ல மெட்ஸ் ஏழு வருஷத்துக்கு 158 மில்லியன் தர்றோம்னு சொல்லி, அவரு வேண்டாம்னுட்டாருன்னு செய்தி வந்துச்சு இல்லையா, அதைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க. 158-ஐ விட்டுட்டு 54-க்கு வந்து நிக்கிறாராம். மெட்ஸ் ரசிகர்களே இப்படிப் பேசுறது எனக்கு ரொம்ப வலிக்குது. அதனால இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

முதல்ல அந்தக் கணக்கே தப்பு. அந்த 158 மில்லியன்ல 2024-ம் சேர்த்தி. 2024-க்கு பீட் தனியா 20.5 மில்லியன் சம்பளம் வாங்கிட்டாரு. இப்ப 2025-க்கு 30 வருது. ஆக ஏழுல ரெண்டு வருஷம் போனப்ப அவர் கையில 50.5 மில்லியன் இருக்கும். மிச்சம் அஞ்சு வருஷத்துல வருஷத்துக்கு 21.5 சம்பாதிச்சாலே அந்த 158-ஐத் தொட்டுருவாரு. தொடுவாரா மாட்டாரான்றது அவர் பேட்ல இருக்கு. ஆனா "100 மில்லியனைத் தொலைச்சுட்டான்"னு இப்பவே சொல்றது சரியே இல்ல.

இப்ப உங்களை 2019-க்கு கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முந்தின வருஷம், 2018-ல, பீட் மைனர் லீக்ல, அதாவது மேஜர் லீக்குக்குக் கீழ இருக்குற லீக்ல, 36 ஹோம் ரன் (நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, பந்தை வேலிக்கு வெளிய தூக்குற அடி) அடிச்சாரு. செப்டம்பர்ல மேல கூப்பிடுவாங்கன்னு நாம எல்லாம் எதிர்பார்த்தோம். கூப்பிடல. 2019 முதல் மேட்ச்லயே டீம்ல எடுத்தாங்க. அந்த ஒரு சீசன்ல அந்தப் பையன் 53 ஹோம் ரன்! அறிமுக சீசன்ல அவ்வளவு அடிச்ச ஆளு மேஜர் லீக் வரலாறுலயே வேற யாரும் கிடையாது. அதுக்கு அவருக்குக் கெடைச்ச சம்பளம் தெரியுமா? 555,000 டாலர். லீக்லயே குறைஞ்சபட்ச சம்பளம் அதுதான். அந்த ஜூலைல ஹோம் ரன் டெர்பில, அதாவது யாரு அதிகமா ஹோம் ரன் அடிக்கிறாங்கன்ற போட்டியில, ஜெயிச்சாரு, ஒரு மில்லியன் டாலர் பரிசு. ஒரே ராத்திரியில வாங்கின பரிசு அவரோட முழு வருஷ சம்பளத்தை விட ஜாஸ்தி! அந்தப் பரிசுலயும் பத்து சதவீதத்தை, காயப்பட்ட ராணுவ வீரர்களுக்கு உதவுற ஒரு அமைப்புக்கும், 9/11-ல உயிரை விட்ட தீயணைப்பு வீரர் நினைவா நடக்குற இன்னொரு அமைப்புக்கும் குடுத்தாரு. இந்த மனுஷனைத்தான் பேராசைக்காரன்னு சொல்றாங்க.

புதுசா பாக்குறவங்களுக்காக அந்தச் சம்பள விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிடுறேன், ஏன்னா முடிச்சே அங்கதான் இருக்கு. ஐபிஎல் மாதிரி இங்க ஏலம் கிடையாது. ஒரு பிளேயர் மேஜர் லீக்ல வந்து ஆறு வருஷ சர்வீஸ் முடிக்கிற வரைக்கும் அவன் அந்த டீமுக்குச் சொந்தம். முதல் மூணு வருஷம் கிட்டத்தட்ட டீம் வச்சதுதான் சம்பளம். அடுத்த மூணு வருஷம் ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் முன்னாடி பேசித் தீர்த்துக்கிற சம்பளம். அது ஏறும், ஆனா வெளி மார்க்கெட் விலைக்கு வராது. ஆறு முடிஞ்சாதான் ஃப்ரீ ஏஜென்ட், எந்த டீமோட வேணும்னாலும் பேசலாம்.

இதுல மாட்டிக்கிறது யாருன்னு பாருங்க. பீட் காலேஜ்ல விளையாடிட்டு, 2016 டிராஃப்ட்ல (டீம் எல்லாம் புது பிளேயர்ஸை முறை வச்சு எடுக்குறது) ரெண்டாவது ரவுண்ட்ல வந்து, 24 வயசுல மேஜர் லீக்குக்குள்ள வந்தாரு. ஆறு வருஷம் கூட்டுங்க. முப்பது. போன டிசம்பர் 7-தான் அவருக்கு முப்பது முடிஞ்சுது. அதுக்கு அடுத்த நாள், டிசம்பர் 8, ஹுவான் சோட்டோன்ற பெரிய பேட்டர் மெட்ஸ்க்கு வர்றதா செய்தி. 15 வருஷம், 765 மில்லியன் டாலர். சோட்டோ 2018-ல 19 வயசுல வாஷிங்டனுக்கு ஆட வந்தவரு. அவருக்கு ஆறு வருஷம் முடியும்போது வயசு 26.

ரெண்டு பேருக்கும் ஒரே ஏஜென்ட், ஸ்காட் போராஸ். ரெண்டு பேரும் ஒரே குளிர்காலத்துல ஃப்ரீ ஏஜென்ட். 2025-க்கு ஒரே டீம். ஒருத்தருக்கு 765, இன்னொருத்தருக்கு 54. சோட்டோ பீட்டை விட பெரிய பேட்டர், அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. போன வருஷம் 41 ஹோம் ரன், 129 வாக் (பிட்சர் நாலு பந்து வெளிய போட்டா பேட்டர் அடிக்காமலே ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போறது). பந்தைப் பாக்குற கண்ணு அந்த மாதிரி இன்னைக்கு யாருக்கும் இல்ல. ஆனா பதினாலு மடங்கு பெரிய பேட்டரா? இல்லவே இல்ல. அந்த இடைவெளியில பெரும்பங்கு அந்த நாலு வயசுக்குத்தான் போகுது. டீம் எல்லாம் இனிமே வரப்போற வருஷங்களுக்குத்தான் காசு குடுக்குது. பீட்டோட நல்ல வருஷங்கள் 24-ல இருந்து 29 வரைக்கும். அதை மெட்ஸ் மலிவா அனுபவிச்சு முடிச்சாச்சு. 2019-ல இருந்து வருஷா வருஷம் அவர் அடிச்ச ஹோம் ரன்: 53, 16, 37, 40, 46, 34. அந்த 16, கோவிட் வருஷம், 60 மேட்ச் தான். மொத்தம் 226 ஹோம் ரன். "இவ்வளவு செஞ்சிருக்கேன், இப்பவாச்சும் குடுங்க"ன்னு ஒருத்தன் கேட்டா, அது பேராசை இல்ல மக்களே. அது கூலி.

குறைஞ்சபட்ச சம்பளம் அப்புறம் ஏறுச்சு, 2025 சீசன்ல 760,000. இளம் பிளேயர்ஸ்க்குன்னு 50 மில்லியன் டாலர் போனஸ் நிதியும் ஒதுக்குறாங்க. ஆனா அது எல்லாம் 2022 ஒப்பந்தத்துல வந்தது. அதுக்குள்ள பீட்டோட முதல் மூணு வருஷம் போயிருச்சு.

அதுக்காக மெட்ஸ் பக்கம் நியாயமே இல்லையான்னா, இருக்கு. டீமை நிர்வாகம் பண்ற டேவிட் ஸ்டேர்ன்ஸ் கணக்குப் பாக்குற ஆளு, அவரு வேலையே அதுதான். போன சீசன்ல பீட் 162 மேட்ச்சும் ஆடினாரு, ஆனா பேட்டிங் ஆவரேஜ் .240 தான். ஆர்பிஐ, அதாவது அவர் பேட்டிங்கால டீமுக்கு வந்த ரன், 2022-ல 131, போன வருஷம் 88. வலது கை பவர் ஹிட்டர், ஃபர்ஸ்ட் பேஸ், முப்பது வயசு. இந்த மாதிரி ஆளுங்க 33, 34-ல சட்டுனு சரிஞ்சதை எல்லா டீமும் பாத்திருக்கு. இந்த குளிர்காலத்துல ஃபர்ஸ்ட் பேஸ் மார்க்கெட்டையே பாருங்க. கிறிஸ்டியன் வாக்கர் ஹூஸ்டனுக்கு மூணு வருஷம் 60 மில்லியன். பால் கோல்ட்ஷ்மிட், எம்விபி வாங்கின மனுஷன், யாங்கீஸ்க்கு ஒரே வருஷம் 12.5. கார்லோஸ் சந்தானா கிளீவ்லாண்டுக்கு 12. அந்த வரிசையில பீட்டுக்கு இந்த வருஷம் 30 குடுத்தது கஞ்சத்தனம்னு நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருந்துச்சு. நவம்பர்ல மெட்ஸ் அவருக்கு குவாலிஃபையிங் ஆஃபர் குடுத்தாங்க, ஒரு வருஷத்துக்கு 21.05 மில்லியன். அவரு மறுத்துட்டாரு. மறுத்தா, வேற எந்த டீம் அவரை எடுத்தாலும் டிராஃப்ட் வாய்ப்பை இழக்கணும். முப்பது வயசு ஆளுக்காக அந்த விலையையும் சேர்த்துக் குடுக்க யாரும் ஓடி வரல. ஆனா அந்த ஆஃபரை ஒரு பிளேயருக்கு ஒரு தடவைக்கு மேல குடுக்க முடியாது. அதனால இந்த சீசன் முடிஞ்சு ஆப்ட்-அவுட் எடுத்தாருன்னா, அந்த முட்டுக்கட்டை இல்லாம சுத்தமா வெளிய வருவாரு. இப்ப புரியுதா ஏன் நீளமான கான்ட்ராக்ட்டை விட்டுட்டு இந்தச் சின்ன கான்ட்ராக்ட்ல கையெழுத்துன்னு? தன் மேல பந்தயம் கட்டியிருக்காரு.

ஜனவரில மெட்ஸ் மைதானமான சிட்டி ஃபீல்டுல ரசிகர் விழா நடந்துச்சு. மேடையில ஓனர் ஸ்டீவ் கோஹன் உக்காந்திருக்காரு. கூட்டம் பூரா "பீட் வேணும், பீட் வேணும்"னு கத்துது. அவரு அங்கயே, எல்லார் முன்னாடியும், சோட்டோ பேச்சுவார்த்தையை விட இது கஷ்டமா இருக்கு, எங்களுக்கு வச்ச நிபந்தனை பிடிக்கலன்னு வெளிப்படையா சொல்லிட்டாரு. அதைப் பாத்தப்ப போயிருச்சுன்னு தான் நெனச்சேன். ஒரு ஓனர் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். ஆனா அந்தக் கூட்டத்தோட சத்தம் அவருக்கும் கேட்டுச்சு, பீட்டுக்கும் கேட்டுச்சு. அது இந்த முடிவுல ஒரு பங்கு வகிச்சுதுன்னு நான் மனசார நம்புறேன்.

ஏன் அப்படிக் கத்துனாங்கன்னா, நாம நிறைய பேரை இழந்திருக்கோம். 1971-ல நோலன் ரயனை ட்ரேட் பண்ணோம், அதாவது வேற டீமுக்கு மாத்தி விட்டோம். 1977-ல டாம் சீவரை. 1990-ல டாரில் ஸ்ட்ராபெரி ஃப்ரீ ஏஜென்டா லாஸ் ஏஞ்சல்ஸ் போனாரு. 2022 டிசம்பர்ல ஜேக்கப் டிகிராம் டெக்சாஸ் போனாரு. நம்ம வீட்டுல வளர்ந்தவங்க எல்லாம் வேற ஊரு சட்டையில முதுமை அடையுறதைப் பாத்துப் பாத்து சலிச்சுப் போன கூட்டம் அது. டேவிட் ரைட் மாதிரி கடைசி வரைக்கும் இருந்தவங்க ரொம்ப அபூர்வம், ரைட்டையும் முதுகு வலி சீக்கிரமே நிறுத்திடுச்சு.

சரி, பேஸ்பால் பேசுவோம். சோட்டோக்குப் பின்னாடி யாரு ஆடுறாங்கன்றது இந்த வருஷம் ரொம்ப முக்கியம். போன வருஷம் யாங்கீஸ்ல அவருக்குப் பின்னாடி ஆரன் ஜட்ஜ் நின்னாரு. சோட்டோக்கு வாக் குடுத்தா அடுத்து ஜட்ஜ், பந்து வெளிய போயிடும். அந்த பயத்துல சோட்டோக்கு நல்ல பந்து போட்டாங்க. இங்க பீட் இல்லாம இருந்தா? மார்க் வியன்டோஸ் ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போகணும், தேர்ட் பேஸ்ல பிரெட் பேட்டி. வியன்டோஸ் போன வருஷம் 27 அடிச்ச நல்ல பேட்டர் தான், ஆனா தனியா அவ்வளவு பாரத்தையும் தூக்க முடியுமா? இப்ப பேட்டிங் வரிசையில ஃபிரான்சிஸ்கோ லிண்டோர், சோட்டோ, பின்னாடி பீட்டும் வியன்டோஸும். எதிர் டீம் பிட்சருக்கு மூச்சு விட இடமே இல்ல.

பீட்டால பெரிய இடத்துல முடியுமான்னு கேக்குறவங்களுக்கு நான் காட்டுறது ஒரே மேட்ச். போன அக்டோபர் 3, மில்வாக்கி. வைல்டு கார்டுன்ற பிளே-ஆஃப் முதல் சுற்றோட மூணாவது ஆட்டம், தோத்தா வீட்டுக்கு. ஒன்பதாவது இன்னிங்ஸ், 2-0 பின்னாடி இருக்கோம். எதிர்ல மில்வாக்கி பிட்சர் டெவின் வில்லியம்ஸ், அவரோட சேஞ்ச்-அப்பை (வேகமா வர்ற மாதிரி ஏமாத்தி மெதுவா வர்ற பந்து) அடிக்கிறதே கஷ்டம். பீட் அந்த சேஞ்ச்-அப்பையே எதிர்ப்பக்கம், ரைட் ஃபீல்டுக்கு மேல தூக்கினாரு. மூணு ரன்! 4-2-ன்னு ஜெயிச்சோம். அந்த வில்லியம்ஸ் 2024 டிசம்பர்ல ட்ரேட்ல யாங்கீஸ்க்கு வந்தாரு.

மத்த செய்தி எல்லாம் வேகமா. பிட்சர் ஷான் மனாயா மூணு வருஷம் 75 மில்லியனுக்கு திரும்ப வந்தது எனக்கு முழு திருப்தி. ஏ.ஜே. மின்டர் ரெண்டு வருஷம் 22, நல்ல வேலை. ஃபிராங்கி மோன்டாஸ் ரெண்டு வருஷம் 34, இதுல எனக்கு நம்பிக்கை இல்ல. கிளே ஹோம்ஸ், யாங்கீஸ்ல கடைசி இன்னிங்ஸ் போட்டவரை ஸ்டார்ட்டரா, அதாவது மேட்ச்சை ஆரம்பிச்சு நிறைய இன்னிங்ஸ் போடுற பிட்சரா, மாத்தப் போறாங்க, மூணு வருஷம் 38. இதுக்குத் தனி வீடியோ வேணும்.

இப்பவே சில பேர் ஆரம்பிச்சுட்டாங்க, "அடுத்த வருஷம் டொரன்டோவோட விளாடிமிர் குரேரோ ஜூனியர் ஃப்ரீ ஏஜென்ட் ஆயிடுவாரு, அவரை எடுத்துக்கலாம், பீட்டை விட்ருங்க"ன்னு. குரேரோவும் 2019-ல தான் வந்தாரு, பீட் வந்த அதே வருஷம். ஆனா 20 வயசுல வந்ததால 26-லயே வெளிய வர வாய்ப்பு இருந்துச்சு. அவருக்குப் பல நூறு மில்லியன் கெடைக்கட்டும், நல்ல பிளேயர். எனக்கு வேணும்னு கேட்டா, வேண்டாம். ஆளு இருக்காரு நம்ம கிட்ட.

2024 சீசன் முடிஞ்சப்ப மெட்ஸ்க்காக அதிகமா ஹோம் ரன் அடிச்சவரு ஸ்ட்ராபெரி தான், 252. 28 வயசுல நம்மளை விட்டுப் போனவரோட ரெக்கார்டு, 34 வருஷமா அப்படியே நின்னுச்சு. பீட் அதைத் தாண்ட அப்ப இன்னும் 27 வேணும். சாதாரணமா ஆடினாலே ஆகஸ்ட், செப்டம்பர்ல வந்துரும். சிட்டி ஃபீல்டுல அது நடக்கணும், இந்தச் சட்டையிலயே நடக்கணும். நடந்ததுக்கப்புறம் நவம்பர்ல கோஹன் ஒரு நல்ல நீளமான கான்ட்ராக்டை மேசையில வைக்கணும்.

மெட்ஸ்க்கு 2025 சீசன் மார்ச் 27 ஹூஸ்டன்ல ஆரம்பிக்குது. பிட்சர்களும் கேட்சர்களும் பிப்ரவரியிலயே பயிற்சி முகாமுக்கு ஃப்ளோரிடாவுல இருக்குற போர்ட் செயின்ட் லூசிக்கு வந்துடுவாங்க. அடுத்த வீடியோ கிளே ஹோம்ஸ் பத்தி, அதுவும் அவரோட சிங்கரை (பேட்டர் கிட்ட வரும்போது கீழ இறங்குற பந்து) வச்சு ஆறு இன்னிங்ஸ் தாங்குமான்னு. பாத்துட்டு வாங்க மக்களே, லெட்ஸ் கோ மெட்ஸ்!