சாக்கடை பார்த்தவர் சட்டம் பேசட்டும்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

ஊர் மன்றத்தில் தொடங்கி நாடாளுமன்றம் வரை போகிற அரசியல் பாதையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் அரசியல்வாதி அல்ல. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து அதிகத் தூரமில்லாத ஒரு தோட்டப்புறச் சிறு நகரத்தில் குடியிருக்கிறேன். ஒரே நீளக் கடைத்தெரு, ஒரு மாரியம்மன் கோயில், காலையில் மட்டும் கூடுகிற சந்தை, சுற்றிலும் செம்பனை. முன்பு அத்தனையும் ரப்பர். அந்த ஊரில் நின்று பார்த்தால் எனக்கு என்ன தெரிகிறதோ அதைச் சொல்கிறேன்.

சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1917இல் அந்த ஊரின் நகராட்சித் தலைவரானார். ஆதிதிராவிடர் ஒருவர் சேலம் நகராட்சியில் முதன்முதலாக உறுப்பினரானது அவர் காலத்தில்தான். தெருக்குழாயையும் குப்பை வண்டியையும் பார்த்துவிட்டு வந்த மனிதர் 1937இல் சென்னை மாகாணத்தின் முதல்வர், 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். நேருவும் அலகாபாத் நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர்தான், படேல் அகமதாபாத்துக்கு. அவ்வளவு தூரம் போவானேன், நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவைப் பாருங்கள். மரச்சாமான் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஜோக்கோ விடோடோ 2005இல் சோலோ நகர மேயர், 2012இல் ஜகார்த்தா ஆளுநர், 2014இல் அதிபர்.

நம் நாட்டில் இப்படி ஒருவரைக் காட்டுங்கள் என்று பள்ளியில் ஒரு மாணவன் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நம் மாநகரங்களுக்கு டத்தோ பண்டார், அதாவது மேயர், உண்டு. எங்களைப் போன்ற ஊர்களுக்கு யாங் டி பெர்துவா, அதாவது மன்றத் தலைவர், உண்டு. இரண்டு பேருமே நியமனம். நாம் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை, நேயர்களே. 1951 டிசம்பரில் பினாங்கு ஜார்ஜ்டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூரில். பிறகு சிறு பட்டணங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் அது பரவியது. நாட்டுக்கே பொதுத்தேர்தல் வந்தது 1955இல்தான். ஆக, மலாயாவில் மக்கள் முதலில் ஓட்டுப் போட்டுப் பழகியது ஊர் மன்றத்துக்கு. 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். ராமநாதன். அவர் ஓர் ஆசிரியர். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா மோதிக்கொண்டிருந்த நேரம். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். 1966இல் பகை தீர்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. அதே காலத்தில் ஊராட்சி மன்றங்களை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவர் செனட்டர் ஆதி. நாகப்பன், நம்மவர். ஊர் மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றே 1968இல் அந்த ஆணையம் முடிவு சொன்னது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சித் தேர்தலை ஒரேயடியாக எடுத்துவிட்டது. இப்போது ஒரு மன்றத்துக்குக் குறைந்தது 8, மிஞ்சினால் 24 உறுப்பினர்கள். மாநில அரசு நியமிக்கிறது.

இதனால் நமக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். நான் பிறந்தது வேறொரு மாநிலத்துத் தோட்டத்தில். எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, முன்னால் ஒரு கால்வாய் அடைத்துக்கொண்டு கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். அப்பா ஒரு நாள் மனு எழுதிக்கொண்டு டவுனில் ஓர் அலுவலகத்துக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் ரப்பர் ஒட்டுப்பால் வாடை போகவில்லை. அதனால் மனுவை இரண்டு விரல் நுனியால் பிடித்திருந்தார். மேசையில் இருந்தவர் படித்துவிட்டு, "இது தோட்டத்து நிலம், நிர்வாகத்தைக் கேளுங்கள்" என்றார். தோட்ட ஆபீசில், "கவர்ன்மெண்டைக் கேள்" என்றார்கள். அப்பா மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

தோட்டம் தனியார் நிலம். சாலை, விளக்கு, குப்பை எதற்கும் ஊர் மன்றம் தோட்டத்து வாசலைத் தாண்டி உள்ளே வராது. ரப்பர் காலம் முழுக்க நம் ஜனங்கள் எந்த ஊராட்சிக்கும் சொந்தமில்லாத இடத்தில் குடியிருந்தார்கள். பிறகு தோட்டம் கைமாறி, தாமான் எனும் குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்தபோது ஊருக்குள் வந்தோம். வந்த நேரத்தில் ஊர் மன்றத்துக்கு ஓட்டு இல்லை.

அந்த இடைவெளியைத் தங்கள் உழைப்பால் நிரப்பியவர்கள் உண்டு. அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். 1955இல் சட்டமன்றத்துக்குப் போகுமுன்பே சொந்த ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை எழும்பப் பாடுபட்டார். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடலில் குடும்பங்கள் தெருவுக்கு வந்தபோது, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) கட்டுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று பால்மரம் வெட்டுகிறவர்களிடம் பேசினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அப்படித்தான் தொழிலாளர் கைக்கு வந்தது. அவருடைய அரசியலில் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் 10 வெள்ளி ஒரு தோட்டக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய தொகை என்று தெரிந்த அமைச்சர் அவர்.

அதே சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியில் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் 1999இலும் 2004இலும் தோற்றார். தோற்ற பிறகும் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தார். 2008 மார்ச் 8ஆம் நாள், 1974 முதல் அங்கே உறுப்பினராக இருந்த அமைச்சர் டத்தோ ஸ்ரீ சாமிவேலுவை 1,821 ஓட்டில் வென்றார். ஒரு வேட்பாளரை ஒன்பது ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு ஓட்டுப் போட்டது அந்த ஊர். மற்ற ஊர்களுக்கு அந்த வாய்ப்பு எங்கே? கட்சி யாரை நிறுத்துகிறதோ அவர் வருகிறார். பலகையில் படம் பார்த்துத்தான் முகமே தெரிகிறது.

வந்தவர் மேலும் முழுத் தப்பில்லை. அவரைச் சட்டம் செய்ய அனுப்பிவிட்டு, சாக்கடையைக் கேட்கிறோம். கேட்க வேறு யாரும் இல்லை. அவர் நாடாளுமன்றத்தில் இருந்தால் ஊரில் காணோம் என்கிறோம், ஊரில் இருந்தால் சபையில் வாய் திறக்கவில்லை என்கிறோம். ஓர் ஆளை இரண்டு வேலைக்கு வைத்து இரண்டையும் கெடுத்துக்கொள்கிறோம்.

சென்ற மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு அம்மாவோடு நானும் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போனேன். கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் அடையாள அட்டை நகல், மதிப்பீட்டு வரி ரசீது, சாக்கடை நிரம்பி வழிகிற மாதிரி கைப்பேசியில் எடுத்துப் பிரிண்ட் போட்ட படம். உறுப்பினர் கூட்டத்தொடரில் இருந்தார். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் மனுவை வாங்கி முத்திரை குத்தினாள்.

திரும்பி வரும்போது அம்மா கேட்டார்: "ஏன் சார், அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் ஓட்டு இருந்துச்சாமே, நெசமா?"

1965 கதையைச் சொன்னேன். நடந்துகொண்டே கேட்டார்.

"இப்ப இருந்தா நான் யோசிக்கவே மாட்டேன் சார். நம்ம லோரோங் கடைசி வீட்டுத் தம்பி இருக்கானே, மழை வந்தா மண்வெட்டியைத் தூக்கிட்டு எறங்குறானே, அவனுக்குத்தான்" என்றார்.

நன்றி, வணக்கம்.