மேசைக்கு வந்த மலை
(அம்பாசமுத்திரத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும், கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

1871-இல் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் மலைக்காட்டுக்குள் வில்லியம் ஹென்றி ஜாக்சன் கேமராவோடு போனார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டில் கழுவியும் முடிக்க வேண்டும். அத்தனை சாமானும் கோவேறு கழுதை முதுகில்தான் போகும். தரைக்குள்ளிருந்து வெந்நீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சுகிறது என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? படங்களை அந்நாட்டு நாடாளுமன்றத்தாரிடம் காட்டினார்கள், 1872 மார்ச்சில் அது தேசியப் பூங்கா ஆனது. அப்புறம் 1936-இல் ஆன்சல் ஆடம்ஸ் என்ற புகைப்படக்காரர் கிங்ஸ் கேன்யன் மலைப்பள்ளத்தாக்கின் படங்களோடு வாஷிங்டனுக்கே போனார், 1940-இல் அதுவும் பூங்கா. படம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மலையேறாத மனுஷர் மேசைக்கு மலையைக் கொண்டுபோனது அதுதான்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும். அந்தப் படங்களில் பெரும்பாலும் ஆளே இல்லாத காடு. எல்லோஸ்டோனோ, ஷோஷோனி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்.

சரி, நம்ம பொதிகைக்கு வருவோம். முண்டந்துறை 1962-இலும் களக்காடு 1976-இலும் சரணாலயமாகி, 1988-இல் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. தேசியப் பூங்கா ஆகவில்லை. ஆக வேண்டும் என்று எனக்கு ஆசைதான், கார், பிசானம் என்ற நம்ம இரண்டு நெல் போகத்துக்கும் தண்ணீர் அங்கிருந்துதானே வருகிறது. ஆனால் பூங்கா என்றால் சட்டம் இன்னும் இறுகும், மாடு மேய்க்கக்கூட வழியில்லை. அதனால் இந்த மலையில் வாழும் பழங்குடிகளான காணிக்காரர்களை ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிட்டு நாம் மனு கொடுக்கக் கூடாது.

ஒருமுறை மேல்காட்டில் என்னைக் கூட்டிப்போன காணிப் பெரியவர் சட்டென்று கையை நீட்டி நிறுத்தினார். பாதையில் வெடிப்பலா என்ற காட்டுமரத்தின் பழ ஓடு ஒன்று கிடந்தது, முள்ளும் தோலுமாக, பல் பதிந்த இடம் இன்னும் வெள்ளை மாறாமல், ஓரத்தில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. "மேலே பாருங்க" என்றார். சோலைமந்திக் கூட்டம்! குரங்குப் படம் மங்கலாகத்தான் வந்தது, ஆனால் அந்த ஓட்டின் படம் போதும், எந்த மரத்தை நம்பி அந்தக் கூட்டம் பிழைக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

ஆகவே தம்பிகளா, அருவியோடு நின்றுவிடாதீர்கள். ஆற்றில் ஒரே பாறையைக் கார் போகத்திலும் பிசானப் போகத்திலும் ஒரே இடத்தில் நின்று எடுங்கள், தேதி போடுங்கள். புலித்தடம், ஆர்க்கிட் படமென்றால் ஜிபிஎஸ் பதிவை அழித்துவிட்டு வெளியே கொடுங்கள், திருடர்களும் அதைப் பார்ப்பார்கள். வழிகாட்டியவர் சம்மதித்தால் அவர் பெயரைப் படத்துக்கு அடியில் எழுதுங்கள், உங்கள் பெயருக்கு மேலே.