முகத்துவாரம் திறந்திருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்தால் சென்னைக்காரர்கள் ஏரிக் கணக்கில் இறங்கிவிடுவோம். செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி, உபரி நீர் எத்தனை கன அடி? 2015 டிசம்பர் வெள்ளம் நமக்கு விட்டுப்போன பழக்கம் அது. திறந்துவிட்ட தண்ணீர் கடலுக்குள் இறங்குகிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மழைக்கு முன்னால், செம்பரம்பாக்கத்து உபரி நீர் கடலில் சேரும் வாயான அடையாறு முகத்துவாரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சீனிவாசபுரம் பக்கம் நின்றால் நன்றாகத் தெரியும். கோடையில் ஆற்றுக்கு வேகம் கிடையாது. தென்மேற்குக் காற்று மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து மணலை அள்ளி வந்து வாயை அடைத்துவிடுகிறது. சில வருஷம் செருப்பு நனையாமல் அக்கரை போய்விடலாம். பிறகு பொக்லைன் வந்து வாய்க்கால் வெட்டும். பெரிய அலை அடித்தால் மறுபடி தூர்ந்துபோகும். மறுபடி பொக்லைன்.

வாய் திறந்திருந்தாலும் ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறும் நேரத்தில் ஆறு வடியாது. இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் குப்பத்து வீட்டு வாசலுக்கும் கடலுக்கும் உயர வித்தியாசமே பெரிதாகக் கிடையாதே! அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் இன்னும் கூடும். அதோடு புயலும் சேர்ந்தால்? 2023இல் மிக்ஜாம் புயல் டிசம்பர் 5ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே கரை கடக்கும்வரை, நம் கரையை ஒட்டி ஆமை வேகத்தில் நகர்ந்தது. கொட்டிய மழையைக் கொந்தளித்த கடல் உள்வாங்கவில்லை. எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கொசஸ்தலையாற்றில் இறங்கிப் படகிலும் வலையிலும் அப்பிக்கொண்டது. தண்ணீர் வடிந்த பிறகும் அங்கே தொழிலுக்குப் போக முடியவில்லை.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை நாள் கூடும் என்றில்லை. பெய்கிற நாளில் கொட்டித் தீர்க்கும். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு கோடி லிட்டர். 2015இல் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 சென்டிமீட்டர். வெள்ளம் இறங்க வேண்டிய கடலின் மட்டமோ உயர்ந்துகொண்டே இருக்கிறது.

மழைநீர் வடிகால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஆற்றில்தான் போய்ச் சேரும். ஆறு நிரம்பி நின்றால் வடிகால் வழியாகவே தண்ணீர் தெருவுக்கு எதிர்த்து ஏறும். ஓதம் இறங்கும்வரை வெள்ளத்தைப் பிடித்துவைக்க இடம் வேண்டும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் செய்வது அந்த வேலையைத்தான். 2022இல் அதற்கு, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்குத் தரப்படும் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது, நல்லது. விளிம்பில் மண் கொட்டுவது நின்றால் இன்னும் நல்லது.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஏரி நிலவரம் சொல்லும் தினசரி அறிக்கையில் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: அடையாறு, கூவம், எண்ணூர் முகத்துவாரங்கள் இன்று எத்தனை மீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கின்றன? ஓதம் எத்தனை மணிக்கு உச்சம்? ஓத அட்டவணை துறைமுகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. முகத்துவாரத்தை அளக்க ஒரு ஆள் போதும்.

நன்றி, வணக்கம்.