பணியாரத்தை ‘பண’ன்னு வெட்டுற லிங்க்

வணக்கம் மக்களே! இன்னைக்கு அடுப்படி வீடியோ இல்ல, எடிட்டர் வீடியோ. தேவகோட்டையிலேர்ந்து நம்ம ஆச்சி ஒருத்தங்க வெள்ளைப் பணியாரம் பத்தி வேர்ட்பிரஸ்ல, அதாவது பிளாக் எழுதுற மென்பொருள்ல எழுதி, வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பியிருக்காங்க. உழக்கு நிறையப் பச்சரிசி, அதுக்கு மேலயே கோபுரமா உளுந்துன்னு அளவெல்லாம் அத்தனை சுத்தமா இருக்கு. ஆனா அந்த லிங்க்! பாதித் திரைக்கு வருது. ஒரே சதவீதக் குறியும் நம்பரும்.

ஏன் இப்படின்னா, தலைப்பு எதுவோ அதையே எடிட்டர் லிங்க்கோட வாலா எடுத்துக்கும். ஸ்லக்னு சொல்வோம்ல, அது. அங்க புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. ஒவ்வொண்ணும் 9 கேரக்டரா மாறும். வெறும் ‘ட்’டுக்கே 18 போச்சு! மொத்த இடமே 200தான். ஆச்சியோட தலைப்பு ‘செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரம் செய்வது எப்படி’. எண்ணுவோம் வாங்க. செட்டிநாட்டுக்கு 108. வெள்ளைப்-க்கு 72. நடுவுல ரெண்டு கோடு. ஆக 182. மிச்சம் 18ல ஒரு ‘ப’, ஒரு ‘ண’, அவ்வளவுதான் ஏறும். லிங்க் ‘பண’ன்னு நின்னுடுச்சு. பணியாரத்தைக் காணோம்!

வலது பக்கப் பேனல்ல ‘போஸ்ட்’ டேப் இருக்கும். அதுல ஸ்லக்கைத் தொட்டு, இங்கிலீஷ் எழுத்துல வெள்ளை, ஒரு கோடு, பணியாரம்னு அடிங்க. முடிஞ்சது. பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடியே செஞ்சிடுங்க. ஏற்கெனவே பண்ணிட்டீங்களா, பயப்படாதீங்க, மாத்தினாலும் பழைய லிங்க்கைத் தொட்டவங்களை அதுவே புதுசுக்கு அனுப்பிடும்.

அடுத்து, போஸ்ட்டுக்குள்ள வர்ற தலைப்புகள். ‘தேவையானவை’ன்னு ஒரு வரி அடிச்சு, போல்டு போட்டு, சைஸைப் பெருசாக்குறீங்க பாருங்க, எனக்கு அது சுத்தமா ஆகாது. பார்க்கத்தான் அது தலைப்பு. பார்வை இல்லாதவங்களுக்குப் படிச்சுக் காட்டுற மென்பொருளுக்கு அது சாதாரண வரி. புது வரியில ரெண்டு ஹேஷ் (##), ஒரு ஸ்பேஸ் தட்டுங்க, ஹெடிங் 2 வந்துடும். ஹெடிங் 1 போடாதீங்க, அது போஸ்ட் தலைப்புக்கு. பொருள் பட்டியலுக்கு ஒரு கோடு, ஸ்பேஸ். செய்முறைக்கு 1, புள்ளி, ஸ்பேஸ். பட்டியலை விட்டு வெளிய வர என்டர் ரெண்டு தட்டு.

ஆங், முதல்லயே சொல்லியிருக்கணும், வேர்டுலேர்ந்து ஒட்டுறவங்க கன்ட்ரோல் ஷிப்ட் வி போடுங்க. ஷிப்ட் இல்லாம வெறும் கன்ட்ரோல் வி போட்டா வேர்டோட ஃபான்ட், சைஸ், கலர்னு ஏதாவது ஒட்டிக்கிட்டே வரும், முக்கியமா பழைய கிளாசிக் எடிட்டர்ல. அப்புறம் நடுவுல ரெண்டு பாரா மட்டும் வேற சைஸ்ல நிக்கும். ஷிப்டோட ஒட்டினா போல்டும் லிங்க்கும் போயிடும், அதைத் திரும்பப் போட்டுக்கலாம். லிங்க் போடுறது ரொம்ப சுலபம்: வார்த்தையை செலக்ட் பண்ணி, காப்பி பண்ண முகவரியை அது மேலயே ஒட்டுங்க. அவ்வளவுதான், லிங்க் ஆயிடும்! எனக்கு இந்த எடிட்டர்லயே ரொம்பப் பிடிச்சது இதுதான்.

பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சதை எப்படி ஒட்டினாலும் கிறுக்கலாத்தான் வரும். ஏன்னா உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்து, தமிழ் மாதிரி காட்டினது ஃபான்ட்தான். நிஜத் தமிழ் எழுத்தாவே சேமிக்கிற யூனிகோடுக்கு மாத்திட்டு ஒட்டுங்க.

ஜஸ்டிஃபை வேண்டவே வேண்டாம். நம்ம வார்த்தைங்க நீளம். ஃபோன்ல ஒரு வரிக்கு மூணு வார்த்தைதான் நிக்கும், அதை ரெண்டு ஓரத்துக்கும் இழுத்தா நடுவுல ஓட்டை ஓட்டையா விழும். இடது பக்கமே இருக்கட்டும். இட்டாலிக்கும் வேண்டாம், பெரும்பாலான தமிழ் ஃபான்ட்ல சாய்வெழுத்துன்னு தனியா கிடையாது, பிரவுசரே எழுத்தைப் பிடிச்சுச் சாய்ச்சு விடுது. அழுத்திச் சொல்லணும்னா போல்டு போதும். வரி இடைவெளி 1.7 வைங்க, மேல் வரி கொக்கியும் கீழ் வரி சுழியும் உரசாது.

ஆச்சி, ஸ்லக்கை மாத்திட்டுப் புது லிங்க்கை கமென்ட்ல போடுங்க. நான் பின் பண்ணிடறேன்.